ஹெர்-2 ரிப்போர்ட்டில் ‘2 ப்ளஸ்’ வந்தபோது

மார்பகத்தில் கட்டி இருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அழுது முடித்து, சரி, சிகிச்சையைத் தொடங்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போன நாளில்தான் அடுத்த ரிப்போர்ட் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், நெகட்டிவ். புரோஜெஸ்டிரோன் ஏற்பி நெகட்டிவ். ஹெர்-2 என்ற வரியில் மட்டும் ‘2 ப்ளஸ், ஈக்விவோக்கல்’. பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஹெர்-2 ஒரு புரதம். எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் நின்றுகொண்டு, வளரச் சொல்லும் செய்தியை உள்ளே அனுப்புவது அதன் வேலை. சில கட்டிகளில், 17ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு பல நகல்களாகப் பெருகிவிடுகிறது. புரதமும் செல்லின் மேல் அளவுக்கு மீறி மண்டிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த வகை.

“பாசிட்டிவ் வந்தால் நல்லதா, கெட்டதா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை எனக்கு உதவுகிறது. இந்த மரபணு பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடன் இருந்தவர்களும் 1987இல் காட்டினார்கள். அன்றைக்கு அது கெட்ட செய்தி மட்டும்தான். 1998இல் அதே புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. “இப்போது பாசிட்டிவ் என்றால், மருந்து எங்கே போய் உட்கார வேண்டும் என்று நமக்குத் தெரியும்மா” என்றார். என் விஷயத்தில் நெகட்டிவ் என்றால் மூன்றும் நெகட்டிவ், சிகிச்சையே வேறு. ஒரு புரதத்தின் அளவில் என் ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் சோதனையான ஐ.எச்.சி.யில் திசுவுக்குச் சாயம் ஏற்றி, செல்லைச் சுற்றி எவ்வளவு பழுப்பு வளையம் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். 0, 1 ப்ளஸ் என்றால் நெகட்டிவ். 3 ப்ளஸ் என்றால் பாசிட்டிவ். நடுவில் நிற்கும் 2 ப்ளஸுக்கு ஃபிஷ் என்ற சோதனையில் மரபணுவையே எண்ண வேண்டும். அதற்குப் புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை, மெழுகில் பதித்து வைத்த அதே திசு, அதாவது பிளாக், போதும்.

அந்த பிளாக்கை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பயாப்ஸி பார்த்த லேபில் முதல் நாள் ஆள் இல்லை என்றார்கள், இரண்டாம் நாள் கடிதம் கேட்டார்கள், மூன்றாம் நாள் கண்ணாடி ஸ்லைடு மட்டும் தந்தார்கள். பிளாக் கைக்கு வர ஒன்பது நாள். திசு எவ்வளவு நேரம் ஃபார்மலினில், அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தில், இருந்தது என்பதும் ரிப்போர்ட்டில் இல்லை. 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவையே நம்ப முடியாமல் போகலாம் என்று புதிய லேபில் சொன்னார்கள். திரும்பப் போய் அந்த நேரத்தை எழுதி வாங்கினேன். நீங்களும் பயாப்ஸி அன்றே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிளாக் எண்ணோடு சேர்த்து.

ஃபிஷ்ஷில் ஹெர்-2 மரபணு சிவப்புப் புள்ளியாகவும், 17ஆம் குரோமோசோமின் மையப் பகுதி பச்சைப் புள்ளியாகவும் ஒளிர்கின்றன. என் 20 செல்களில் சிவப்பு 132, பச்சை 44. விகிதம் 3.0. விகிதம் 2க்குக் குறையாமலும், செல்லுக்குச் சராசரி சிவப்பு 4க்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ். எனக்குச் சராசரி 6.6. 2 ப்ளஸ் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இது நெகட்டிவாகவே வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால், அந்தத் தாளை நான்கு முறை படித்தேன்.

அப்புறம் கீமோவுடன் சேர்த்து ட்ராஸ்டுசுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் டோஸ் அன்று குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போட்டது, அடுத்ததில் இல்லை. அறுவை சிகிச்சை நடுவில் முடிந்தது.

நான் எதிர்பார்க்காத இடம் இதயம். இதயத் தசைக்கும் ஹெர்-2 வேண்டும், மருந்து அங்கேயும் அதைத் தடுக்கிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன். தொடக்கத்தில் 64 சதவீதமாக இருந்த என் இதயத்தின் பம்ப் திறன் ஆறாம் மாதம் 47க்கு இறங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியதை நான் கீமோ களைப்பு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அப்படி இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். மருந்தை நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை தந்தார்கள். நான்கு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் 56. மறுபடி தொடங்கினோம்.

கடைசி டோஸ் போன மாதம் முடிந்தது. பிளாக்கைத் திரும்ப வாங்கி, எண் எழுதிய உறையில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த எக்கோவுக்கு இன்னும் பதினொரு நாள்.