கரும்பில் பிரிக்ஸ் பார்ப்பது எப்படி?

பிரிக்ஸ் என்பது சாற்றில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு. அதை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் 19 காட்டினால் சாற்றில் 19 சதவீதம் சர்க்கரை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கருவி பார்ப்பது சாறு ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை மட்டும்தான். சுக்ரோஸ் எனும் கரும்புச் சர்க்கரை மட்டுமல்ல, குளுக்கோஸ், உப்பு, அமிலம் எல்லாமே வளைக்கும். உவர் நிலத்துக் கரும்பு நல்ல பிரிக்ஸ் காட்டியும் வெல்லம் கரிப்பது இதனால்தான். சுக்ரோஸைத் தனியே அறிய ஆலை ஆய்வகத்து போலாரிமீட்டர் வேண்டும். வயலில் முதிர்ச்சி பார்க்க பிரிக்ஸ் தாராளமாகப் போதும், ஒழுங்காகப் பார்த்தால்.

முதலில் பூஜ்யம். கண்ணாடியில் இரண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு மூடியைக் கவிழ்த்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 0-வில் நிற்கும்வரை திருகைத் திருப்புங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பும் கணக்கில் ஏறிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது வெப்பம். அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. 30 டிகிரியில் சாறு ஏறக்குறைய 0.8 குறைத்துக் காட்டும். கருவி, தண்ணீர், வெட்டிய கரும்பு மூன்றையும் ஒரே நிழலில் கால்மணி நேரம் வைத்து, அங்கேயே பூஜ்யம் செய்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். தானாகத் திருத்தும் கருவிகள்கூடப் பொதுவாக 30 டிகிரி வரைதான். சித்திரை வெயிலுக்கு அது எட்டாது.

வரப்போரக் கரும்பை விட்டுவிட்டு உள்ளே பல இடங்களில் எடுங்கள். நடுக்கணு மட்டும் பார்த்து வெட்டு முடிவு செய்யக் கூடாது. அடியில் 20, நுனியில் 15 என்றால் இன்னும் பழுக்கவில்லை. இரண்டும் நெருங்கி, 18-க்கு மேல் நின்றால் வெட்டலாம். நுனி அடியைத் தாண்டினால் முற்றிப்போய் சுக்ரோஸ் உடையத் தொடங்கிவிட்டது.

கோடு மங்கலாகத் தெரிந்தால் சக்கைத்தூள் இருக்கிறது, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்த கண்ணாடியை உலர்த்தாமல் அடுத்த சொட்டை விட்டால் அளவு இறங்கும்.

வெல்லப் பாகின் பிரிக்ஸ் 32-ஐத் தாண்டினால், 0 முதல் 32 வரை மட்டும் காட்டும் கருவியில் தெரியாது. ஆறவைத்த பாகு 10 கிராம், தண்ணீர் 10 கிராம் கலந்து, வரும் அளவை இரண்டால் பெருக்குங்கள். தராசில்தான் எடுக்க வேண்டும். டம்ளரால் சமமாக அளந்தால் 50 உள்ள பாகு 55 என்று வரும், பாகு தண்ணீரைவிடக் கனம் என்பதால்.