பதினேழு மதிப்பெண் கதை

கடலூரில் யாராவது ஓ.டி. என்று சொன்னால் முதுநகர் என்று அர்த்தம். ஓல்டு டவுன். கல்லூரிக்குள் அதே ஓ.டி.க்கு வேறு பொருள்: ஆன் டியூட்டி. வகுப்புக்குப் போகாமலேயே வருகைப் பதிவு கிடைக்கும் வழி. கல்லூரிகளுக்கு இடையிலான சிறுகதைப் போட்டி என்று நாங்கள் சுற்றறிக்கை அனுப்பிய முதல் வருடம் அரங்கமே நிறைந்துவிட்டது. இலக்கியத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று நான் பூரித்துப் போயிருந்தேன். அப்போது ஒரு பையன் வந்து, "சார், பேரு மட்டும் குடுத்துட்டுக் கிளம்புனாலும் ஓ.டி. உண்டுதானே?" என்று கேட்டான்.

பதினோரு வருடமாக இந்தப் போட்டிக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அது அழைப்பிதழில் போடுகிற பெயர். நடுவர்களைத் தேடிப் பிடிப்பது, சால்வை வாங்குவது, மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை டோக்கன் என்று கேன்டீனில் சொல்லிவைப்பது, இதெல்லாம்தான் வேலை. கேடயத்தில் பிழை பார்ப்பதும் உண்டு. ஒரு வருடம் அச்சகத்தில் எழுத்துரு மாறிப்போய் 'சிறுகைதப் போட்டி' என்று வந்துவிட்டது. கொம்பு இடம் மாறியதை மேடையில் யாரும் கவனிக்கவில்லை. பரிசு வாங்கிய மாணவி மட்டும் இறங்கி வந்து, "ஐயா, இது வேற ஏதோ போட்டியோட ஷீல்டு போல" என்றாள். தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்கு நான் ஐயா. மற்ற துறைப் பிள்ளைகளுக்கு சார்.

போட்டிக்குத் தேதி வைப்பது தனிப் பாடு. புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். ஒரே ஊர், அடுத்தடுத்த தேதி. இதைவிடப் பொருத்தமாக நாள் அமையுமா? ஆனால் ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு. சரி, பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 என்று முடிவு செய்தோம். புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி, 1918 நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை அவர் இருந்தது கடலூர் சிறையில்தான்; அந்த வருடப் பிறந்த நாள் அவருக்கு இந்த ஊரில்தான் கழிந்திருக்கிறது. அழைப்பிதழில் இதைப் பெருமையாகப் போட்டோம். முதல் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது, கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். டிசம்பரில் கடலூரில் எதற்கும் நாள் குறிக்கக் கூடாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தலைப்பு விஷயத்திலும் ஆரம்பத்தில் நிறையத் தப்பு செய்தேன். 'தாய்மை' என்று கொடுத்தால் வருவது கதை இல்லை, மேடைப் பேச்சு. 'நாளைய இந்தியா' கொடுத்த வருடம் நடுவர்களிடம் நான் மன்னிப்பே கேட்டேன். அப்புறம் ஒருமுறை, நேரம் இல்லாமல், 'வீட்டில் இப்போது இல்லாத ஒரு பொருள்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் பலா மரத்தைப் பற்றி எழுதியிருந்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது விழுந்த மரம். அந்தப் பகுதியில் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்த புயல் அது. மரம் விழுந்ததைப் பற்றி அவன் இரண்டு வரிதான் எழுதியிருந்தான். மீதியெல்லாம், அடுப்படியில் திடீரென்று வெயில் வருகிறது என்று பாட்டி வருடக்கணக்காக எரிச்சல்பட்டுக்கொண்டே இருப்பது பற்றி.

அவனுக்குப் பரிசு கிடைத்தது. நான் சொல்ல வந்தது கிடைக்காத ஒரு கதையைப் பற்றி.

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. போட்டியில் பெயர் தெரியாது, மறையெண்தான். அந்தக் கதையில் அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கிறாள். அந்தத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கருத்து, உரிந்து, ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்த புதிது. அம்மா விரலை வைக்கிறாள், இயந்திரம் ஏற்கவில்லை. கடைக்காரர் துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார். முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறாள். வேறு விரல், வேறு கை. பின்னால் வரிசை முனகுகிறது. கடைசியில் மகள் தன் விரலை வைக்கிறாள், முதல் தடவையிலேயே பில் வந்துவிடுகிறது. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அம்மா கேட்கிறாள்: "அடுத்த மாசம் உனக்கு என்னைக்கு லீவு?" அவ்வளவுதான் கதை.

மூன்று நடுவர்கள். ஒருவர் பத்துக்கு ஒன்பது போட்டு, ஓரத்தில் பென்சிலால் கோடு வேறு இழுத்திருந்தார். இன்னொருவர் மூன்று: "கதையே இல்லை, முடிவும் இல்லை." மூன்றாமவர் ஐந்து. ஆக 17. முதல் பரிசு பெற்ற கதைக்கு ஏழு, ஏழு, ஏழு. 21. முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்த மகன், பிற்காலத்தில் அதே இல்லத்தில் அதே கட்டிலில் வந்து படுக்கிற கதை. பிழையில்லாமல் எழுதப்பட்டது. இதே கதை வருடா வருடம் யாராவது ஒருவர் பெயரில் எங்களுக்கு வரும்.

நடுவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மதிப்பெண் தாளைத் தயாரித்தவன் நான். பேச்சுப் போட்டிக்கு வைத்திருந்த அட்டவணையையே கொஞ்சம் மாற்றி, கரு 3, நடை 3, முடிவு 3, பிழையின்மை 1 என்று போட்டிருந்தேன். நடுவர்கள் போட்ட மூன்று எண்களையும் கூட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கூட்டிப் பார்க்கிற முறையில் ஜெயிப்பது யாருக்கும் பிடிக்காமல் போகாத கதை. ஒருவருக்கு உயிராகவும் இன்னொருவருக்கு வேப்பங்காயாகவும் இருக்கிற கதை அதில் எப்படியும் விழுந்துவிடும். உறைத்தும், அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. மேடையில் மைக் தயாராக இருந்தது, முதல்வர் இன்னொரு கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் துறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "சார், என் கதையில என்ன தப்பு சார்?" என்றாள். சண்டை போடுகிற தொனி இல்லை. கணக்குப் பாடத்தில் எந்த வரியில் பிசகியது என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நடுவர் மதிப்பெண்ணைச் சொல்லக்கூடாது. ஒன்றும் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். மேசையில் தேர்வுத்தாள் கட்டு கிடந்தது, மதியத்துக்குள் முடிக்க வேண்டும். "நல்லா எழுதுற. முடிவுதான் கொஞ்சம் அழுத்தமா வந்திருக்கணும்" என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

அடுத்த வருடம் மறையெண் தாளைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே அம்மா, அதே முந்திரி. இந்த முறை கொட்டை வறுக்கிற புகையில் அம்மாவுக்கு நெஞ்சு கெட்டு, இருமி இருமி, கடைசிப் பத்தியில் செத்துப்போகிறாள். தேய்ந்துபோன அந்த விரலை மகள் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதறுகிறாள். மூன்று ஆச்சரியக்குறி. எட்டு, ஏழு, ஏழு. இரண்டாம் பரிசு. கேடயத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன் சார்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அதற்கப்புறம்தான் முறையை மாற்றினேன். முடிவுக்கு என்றிருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், ஒவ்வொரு நடுவரும் தனக்குப் பிடித்த ஒரு கதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதற்கும் பரிசு உண்டு. முதல் வருடம் அந்த ஐந்நூறு ரூபாய்களை என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அடுத்த வருடம் கணக்கில் சேர்க்கக் கேட்டபோது அலுவலகத்தில், "இதை எந்தத் தலைப்புல சார் எழுதுறது?" என்றார்கள். 'நடுவர் விருப்பப் பரிசு' என்று எழுதச் சொன்னேன். எங்களுக்குள் அதற்குப் பிடிவாதப் பரிசு என்று பெயர். ஒரு நடுவர் மற்ற இருவரிடமும் குரலை உயர்த்திச் சண்டை போட்டதை அந்த வருடம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

இப்போது வேறு தொல்லை. வீட்டிலிருந்து எழுதி அனுப்பச் சொன்னால் பாதிக் கதைகள் சாட்ஜிபிடி எழுதியவையாக வருகின்றன. எல்லாவற்றிலும் ஜன்னலுக்கு வெளியே மழை, எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் கடைசியில் லேசாகப் புன்னகைக்கிறார். ஆகவே மறுபடியும் அரங்கம், இரண்டு மணி நேரம், வெள்ளைத்தாள், கைபேசியை வாசலில் வைத்துவிட வேண்டும். ஓ.டி. கூட்டம் தானாகவே கால்வாசியாகிவிட்டது.

சென்ற வருடம் துறையின் ஆண்டு மலரில் பழைய போட்டிக் கதைகள் சிலவற்றைப் போடலாம் என்று பேச்சு வந்தது. பீரோவில் தேடினேன். ஆய்வுக்குழு வருவதற்கு முன் அறைகளைச் சுத்தம் செய்தபோது அந்தக் கட்டுகளெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டிருந்தன. அந்தப் பெண் இப்போது புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எண்ணை வாங்கிப் பேசினேன்.

"எந்தக் கதை சார், அம்மா சாவுற கதைதானே?"

"அது இல்லம்மா. அதுக்கு முந்தின வருஷம் எழுதுனது."

"ஓ... முடிவு இல்லாத கதையா?" என்று கொஞ்சம் யோசித்தாள். "நோட்டுல இருக்கான்னு தேடிப் பாக்குறேன் சார்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். இன்னும் கொட்டை உடைக்கத்தான் போறாங்க. சொன்னா எங்க கேக்குறாங்க."

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் வந்தன. கோடு போட்ட தாள், நீல மை, நிதானமான கையெழுத்து. பெரிதாக்கிப் படித்தேன். புகை, இருமல், கடைசிப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. படங்களுக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அது கிடைக்கல சார். இதான் சார் பெட்டர்."