மாவு ஏற்ற இந்த ரயில் பெட்டி ஆகுமா?

கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, பழைய சரக்கின் வாசனை இருக்கிறதா என்று முகர வேண்டும். முதல் மூச்சுதான் கணக்கு. இரண்டாவது மூச்சிலேயே மூக்கு பழகிவிடும். 1950-களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ், பஃபலோ நகர மாவு மில்களில் வந்து நின்ற மூடிய வேகனில் மைதா ஏற்றுவதா, திருப்பி அனுப்புவதா என்ற கேள்வியில் இந்த மூச்சுக்கும் பங்கு இருந்தது. சரக்கு ஏற்றும் வேலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இன்றும் உறுத்தும்.

மற்ற குறைகள் கண்ணுக்குத் தெரியும். உள்ளே நின்று கதவைச் சாத்தினால் ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும். அந்த வழியே மழையும் வரும். ஆணியும் அப்படித்தான். இதே வேகன்கள்தான் அறுவடையில் கோதுமையை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டிக் கொண்டுவந்தன. தானியம் சிந்தாமலிருக்க வாசலின் குறுக்கே பலகை அடிப்பார்கள். இறக்கும்போது பலகையைப் பிய்த்துவிட்டால் ஆணி கதவு நிலையிலேயே நிற்கும். ஷண்டிங்கில், அதாவது பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது, பெட்டி இடிபட்டு லோடு நகர்ந்தால், 100 பவுண்டு துணி மூட்டையைக் கிழிக்க ஒரு ஆணி போதும். பார்த்துப் பிடுங்கிவிடலாம்.

வாசனைக்கு அப்படி வழியில்லை. தோல், உரம், எண்ணெய் எது முன்பு வந்திருந்தாலும் தரைப்பலகை குடித்துவைத்திருக்கும். "காகிதத்தை ரெண்டடுக்கா விரிச்சிடலாம், ஏத்துங்க" என்பது சுலபமான பதில். க்ராஃப்ட் காகிதம் என்ற அந்தத் தடித்த பழுப்புக் காகிதம் தூசியையும் சிராயையும் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. வெயிலில் நாள்கணக்கில் மூடிக்கிடந்தால் மாவு அதை இழுத்துக்கொள்ளும். ரொட்டி வேகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அப்படியென்றால் திருப்பி அனுப்புவதே சரி. ஆனால் அறுவடைக் காலத்தில் வேகன் தட்டுப்பாடு. இதை அனுப்பிவிட்டால் அடுத்தது என்று வருமோ? 800 மூட்டை, அதாவது 80,000 பவுண்டு, மேடையிலேயே தேங்கும். அந்த நெருக்கடியில் லேசான வாசனைக்குக் கண்டிப்புக் காட்டத்தான் வேண்டுமா? வேண்டும் என்றே தோன்றுகிறது. ஏற்றியவரே பார்த்து ஒப்புக்கொண்ட பெட்டி என்றால், பிறகு ரயில்வேயிடம் நஷ்டஈடு கேட்கும்போது அந்தப் பேச்சு எழாமல் இராது.

ஆனாலும் இந்தக் கண்டிப்பு முழுக்க வாசனை மேலேயே போனது சரியா என்றும் படுகிறது. சுவரின் உள்பலகைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. பலகைச் சந்து வழியே கோதுமை அதில் இறங்கித் தங்கும். விளக்குமாறு எட்டாத அந்த இடத்தில்தான் செம்பழுப்பு மாவு வண்டு குடியிருக்கும். நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். வண்டு கொஞ்சமாக இருந்தால் வாசனையே வராது. அதாவது மூக்கு நல்ல பெட்டி என்று விட்டதுதான் வண்டை மாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அதே பத்தாண்டின் நடுவில் ஏர்ஸ்லைடு வேகன் வந்தது. அடித்தளத்துத் துணி வழியே காற்றைச் செலுத்தினால் மாவு தண்ணீர்போல ஓடி இறங்கும். மூட்டையும் இல்லை, பலகைச் சுவரும் இல்லை. ஆனால் பழைய பெட்டிகளும் கூடவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் சுவரைச் சுத்தியலால் தட்டினால் சந்திலிருந்து கோதுமை உதிரும், சில நேரம் வண்டும் உதிரும். எதுவும் உதிராவிட்டாலும் உள்ளே இல்லையென்று சொல்லிவிட முடியாது. மூட்டைகளை ஏற்றிக் கதவுக்கு சீல் வைத்தது அப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.