மூன்று ஏ இருக்கு, ஜீ.எஸ்ஸின் கடிதம் இருக்கா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் அகில இலங்கை நிலையைப் பார்த்து மனம் சோர்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் வன்னியில் நிறையப் பேர். புலமைப்பரிசில் தேடும்போது அதைவிட மாவட்ட நிலைதான் கைகொடுக்கும். 2025 இல் ஜனாதிபதி நிதியம் ஒவ்வொரு மாவட்டத்திலும் 6 பாடப்பிரிவுகளிலும் முதல் 10 பேருக்குத் தலா 1 இலட்சம் ரூபா கொடுத்தது. அங்கே முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கொழும்போடு போட்டியில்லை, முல்லைத்தீவுக்குள்ளேதான் போட்டி. ஆகவே மாவட்ட நிலை தெரிகிற பெறுபேற்றுத் தாளை நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கு முதல் வாசல் மகாபொல என்ற புலமைப்பரிசில். 1981 இல் தொடங்கிய நிதியம் அது. மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. பேர்சரி என்ற மற்ற மாணவர் உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆனது. ஆண்டுக்கு 12 மாதமும் வராது, 10 தவணைதான். கைச்செலவுக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். மகாபொல, பேர்சரி இரண்டையும் ஒன்றாக எடுக்கவும் முடியாது.

இசட் புள்ளி நல்லாக இருந்தும் மகாபொல தவறிப்போகிற இடம் ஜீ.எஸ் (கிராம சேவகர்) ஒப்பமிடுகிற வருமானப் பத்திரம். படிவத்தில் கேட்பது வருட வருமானம். அவசரத்தில் மாத வருமானத்தை எழுதிவிடுவார்கள். கமக்காரக் குடும்பங்களில் வேறு பிழை நடக்கும்: காலபோக (பெரும்போக) நெல் விற்ற முழுக்காசையும் அப்படியே வருமானமாகப் போடுவது. உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து, அருவிவெட்டு மெசின் கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். ஒரு கொப்பித்தாளில் போகம் போகமாக எழுதிக்கொண்டு ஜீ.எஸ்ஸிடம் போனால் அவருக்கும் எழுதச் சுகம். வேண்டுமென்று குறைத்துப் போடாதீர்கள், பிறகு விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. ஜீ.எஸ் ஒப்பமிட்டதும் பிரதேச செயலாளரின் மேலொப்பம் தேவையா என்று படிவத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருந்து அதற்காக இரண்டாம் முறை பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

தகப்பன் காணாமற்போன வீடுகளில் 'தந்தையின் வருமானம்' என்ற கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. வெறுமையாக விட்டால் பூரணமற்ற விண்ணப்பம் என்று ஒதுக்க இடமிருக்கு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத குடும்பங்களுக்கென்றே 2016 சட்டத் திருத்தத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. அதன் பிரதியை இணைக்கலாம்.

அடுத்த தலையிடி பெயர். இடம்பெயர்வில் தொலைந்து பிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் வேறொன்று. ஆங்கிலத்தில் 'த' வுக்கு ஒரு இடத்தில் T மட்டும், மறு இடத்தில் T, H இரண்டும். உள்ளூரில் சமாளிக்கலாம், கடவுச்சீட்டு வந்ததும் சிக்கும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் எடுக்கும் என்பதால் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் இடைவெளிதான் இதற்கு வாய்த்த காலம்.

இந்தியாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில் இருக்கு. கற்கைக் கட்டணம், தங்குமிடம், மாதப்படி எல்லாம் அடங்கும். பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை படிக்கலாம், மருத்துவம் இல்லை. இந்தியத் தரப்பின் இணைய விண்ணப்பத்தில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். அதில் 'ஏழைக் குடும்பம், உதவுங்கள்' என்று நிரப்புவது பிரயோசனமில்லை. எந்தப் பாடநெறி, ஏன் அந்தப் பல்கலைக்கழகம், முடித்து வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்ப்பாசனத்தைப் பற்றித் தெரிந்த பிள்ளை குடிசார் பொறியியல் கேட்டால் வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களின் உதவி பெரும்பாலும் விளம்பரமில்லாமல் அதிபர் ஊடாகத்தான் வரும். கேட்காத பிள்ளையின் பெயரை அவர் எப்படிக் கொடுப்பார்? ஒரு பக்கக் கடிதம் போதும்: பெறுபேறு, மாவட்ட நிலை, கிடைத்த பாடநெறி, அறை வாடகை, சாப்பாடு, மடிகணினிக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு. 'இயன்றதைத் தாருங்கள்' என்று முடித்தால் ஒருமுறை காசு வந்து நின்றுவிடும். தொகையையும் காலத்தையும் எழுதி, பிள்ளையின் சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு இலக்கத்தையும் போடுங்கள்.