நடையில் குரைக்கும் கன்னி நாய்: ஆடியிலிருந்து மாசி வரை

மயிலு எங்கள் வீட்டுப் பால்கன்னி, அதாவது வெளிர் நிறக் கன்னி நாய். இரண்டு வயது தாண்டிவிட்டது. வீட்டுக்குள் இருக்கிற இடம் தெரியாது. கட்டிலுக்கடியில் சுருண்டு கிடப்பாள். லீஷைப் பிடித்து வாசலைத் தாண்டினால்தான் வேறு ஆள். தெருநாய், டெலிவரி பைக், குடை பிடித்து வருகிறவர், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்து வருகிறவர் என எல்லாருக்கும் குரைப்பு. ஆடியில் பழக்க ஆரம்பித்தேன். இப்போது மாசி. பைக்குக்கும் குடைக்கும் அநேகமாக நிறுத்திவிட்டாள். தெருநாய் விஷயத்தில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோம்.

முதலில் மருத்துவரிடம் காட்டி காது, பல், கால் எல்லாம் பார்த்தாயிற்று. வலி இருந்தாலும் நாய் இப்படிச் சிடுசிடுக்கும் என்பதால் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வெறிநாய்த் தடுப்பூசியும் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். தெருநாய்களுக்கு நடுவே நடக்கப் போகிறோம் இல்லையா?

கன்னியும் சிப்பிப்பாறையும் நம் தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த இனங்கள். மூக்கைவிடக் கண்ணை நம்புகிறவை. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். கண் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தெருமுனையில் ஒரு நாய் வாலை ஆட்டினால் எனக்குத் தெரிவதற்கு முன்பே மயிலுக்குத் தெரிந்துவிடும். அதோடு கூச்ச சுபாவம். ஆக, அவள் குரைப்பது கடிக்க அல்ல, 'கிட்ட வராதே' என்று சொல்லத்தான். அந்தக் குரைப்பு பலிக்கவும் செய்கிறது. பைக் எப்படியும் கடந்து போகத்தான் போகிறது. மயிலின் கணக்கில், தான் குரைத்ததால்தான் அது ஓடிப்போனது. ஒவ்வொரு நாளும் ஜெயித்துக்கொண்டே இருக்கிற ஒரு வேலையை எந்த நாய் விடும்?

எதிர்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு போடு போடுங்க, அடங்கிரும்" என்றார். அடங்கும்தான். ஆனால் பயத்தில் குரைக்கிற நாயை அடித்தால் பயம் கூடும், சத்தம் மட்டும் குறையும். அடுத்த தடவை உறுமாமல் நேரே கடிக்கப் போகலாம். கழுத்தை இறுக்கும் சங்கிலியையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்று விட்டேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் அடி, அதட்டல் இல்லாமல் வெகுமதி கொடுத்துப் பழக்கச் சொல்கிறது. அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சரிண்ணே" என்றதோடு சரி.

செய்வது, சோற்றோடு ஒரு சத்தத்தைச் சேர்த்துப் பழக்கி, சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊற வைத்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காலத்துச் சங்கதிதான். பயப்படுகிற பொருள் கண்ணில் பட வேண்டும், உடனே வாய்க்கு ருசியாக ஏதாவது வர வேண்டும். இதில் வரிசை முக்கியம். ஈரலை முதலில் நீட்டிவிட்டு அப்புறம் பைக் வந்தால், ஈரல் வந்தாலே ஏதோ வரப்போகிறது என்று ஈரல் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பைக் தெரிந்த பிறகுதான் ஈரல். அவள் பைக்கைப் பார்த்த நொடியில் நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்குவேன், உடனே ஒரு துண்டு. கொஞ்ச வாரத்தில் பைக்கைப் பார்த்ததுமே தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தத் திரும்பலுக்குத்தான் இவ்வளவு பாடும்.

கோழி ஈரலை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி வைத்துக்கொள்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பிஸ்கட் வீட்டுக்குள் எடுபடும், தெருவில் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஈரல் கொடுக்கிற அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்துவிடுவேன். "மனுஷனுக்கே ஈரல் கிடைக்கல" என்கிறார் அம்மா. ஆனால் வேகவைத்துக் கொடுப்பது அவர்தான்.

இனிதான் பெரிய சிக்கல். இந்தப் பழக்கத்துக்கு உயிரே தூரம்தான். குரைக்காமல் பார்க்க முடிகிற தூரத்தில் நின்றால்தான் நாய் கற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால் ஈரலை மூக்கில் தேய்த்தாலும் உறைக்காது. வீடியோக்களில் பார்த்தால் அகலமான நடைபாதை, நடுவே புல்வெளி, எதிரே ஒரே ஒரு நாய், அதுவும் லீஷில். நான் இருப்பது மதுரை வண்டியூர்ப் பக்கம், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டிய தெரு. தூரத்துக்கு எங்கே போவது?

நேரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்கினேன் என்று சொல்லலாம். விடியற்காலையிலும் இரவு பத்துக்கு மேலும் தெருநாய்கள் படு சுறுசுறுப்பு. வெயில் ஏறின பிறகு அவை வண்டிக்கடியில் படுத்துவிடும், ஆனால் தார் ரோட்டில் மயிலின் பாதம் வெந்துவிடும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில நொடி தாங்க முடியவில்லை என்றால் போகக் கூடாது. ஆக எங்களுக்கு வாய்த்தது காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. நிறுத்தியிருக்கிற கார், ஆட்டோ, இஸ்திரி வண்டி எல்லாமே மறைப்பு. எதிரே ஏதாவது வந்தால் அதன் பின்னால் ஒதுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவேன். கண்ணால் பயப்படுகிற நாய்க்கு மறைப்பும் தூரமாகத்தான் வேலை செய்கிறது. அதுவும் இல்லையென்றால் சந்தில் திரும்பிவிடுவோம். லீஷை இழுத்துக்கொண்டு திரும்பினால் அந்த இழுப்பே அவளுக்கு அபாய மணி. அதனால் 'வா வா' என்று சொன்னதும் சட்டென்று திரும்பி நடப்பதை முதலில் மொட்டை மாடியில் விளையாட்டாகவே பழக்கிவிட்டேன்.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. கன்னிக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி. சாதாரண பெல்ட்டில் பின்வாங்கினால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் ஓட்டத்தில் யாராலும் பிடிக்க முடியாது. நெஞ்சுக்கும் இடுப்புக்குமாக இரண்டு வார் உள்ள ஹார்னஸ் போடுகிறேன்.

தெருநாய்க்கு மேலே சொன்னது முழுதாகப் பொருந்தாது. பைக் போய்விடும், தெருநாய் கிட்ட வரும். மூன்றாவது முனையில் இருக்கிற கூட்டத்துக்கு அது அவர்கள் ஊர், நாங்கள் அந்நியர். அங்கே ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவர்கள் பக்கம் வீசிவிட்டு, மயிலுக்கு நாலு துண்டைத் தரையில் இறைத்துவிட்டுத் தாண்டுகிறேன். தலை குனிந்து மோந்து தின்கிற நாயைப் பார்த்து எதிர் நாயும் அவ்வளவாக முறைப்பதில்லை. இதைப் பயிற்சி என்று சொல்ல மனம் வரவில்லை, சுங்கம் கட்டுவது என்று வேண்டுமானால் சொல்லலாம். அங்கே தினமும் சோறு வைக்கிற அக்காவிடம் கேட்டு, அவர் சோறு வைக்கிற நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

தீபாவளி எல்லாவற்றையும் கொஞ்சம் கலைத்தது. வெடிச் சத்தத்தில் நடுங்கிய நாய்க்கு மறுநாள் குடையும் பூதமாகத்தான் தெரியும். ஒரு பயத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டே போகிறது. அந்த வாரம் நடையையே விட்டுவிட்டு மாடியில் துணிச்சுருளுக்குள் ஈரலை ஒளித்து வைத்து மோப்ப விளையாட்டு விளையாடினோம். திரும்பத் தெருவில் இறங்கியபோது ஆவணியில் இருந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறை சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

குரைப்பதற்கு முன்னால் வரும் குறிகளும் இப்போது எனக்குத் தெரிகின்றன. லேசாகத் திறந்திருக்கிற வாய் மூடிக்கொள்ளும், காது நிமிரும், உடம்பின் பாரம் முன்கால்களுக்குப் போகும். அந்த நிலையில் சொடுக்கினால் திரும்புகிறாள். ஒரு நொடி தவறினால் தெரு முழுக்கக் கேட்கும்.

பூனைக்கு மட்டும் இந்த வழி ஒத்துவரவில்லை. அங்கே பயமே கிடையாது, துரத்துகிற ஆசைதான். ஓடுகிற பூனைக்கு முன்னால் எந்த ஈரலும் எடுபடாது. மதில் மேல் பூனை தெரிந்தால் லீஷைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறேன். அடுத்து தெப்பக்குளம் போகலாம் என்றிருக்கிறேன். காலையில் சுற்றிலும் ஆட்கள் நடப்பார்கள், அதனால் முதலில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறதோடு சரி.