கோட்ரோன் ஜி.3 மொடல்: பின்விளிம்பை விறைக்க விடாதீர்கள்

கோட்ரோன் ஜி.3 மொடல் பெரும்பாலும் இறக்கையில்தான் கெடுகிறது. கஸ்தோன், ரெனே கோட்ரோன் சகோதரர்கள் பிரான்சில் செய்த இந்த வேவு விமானம் 1914இல் பறந்தபோது, விமானத்தைச் சாய்க்க இறக்கையையே முறுக்கினார்கள். அதற்காக இறக்கை நெடுக ஓடும் பின் சட்டத்தை முன்னுக்குத் தள்ளி வைத்து, அதன் பின்னாலுள்ள விலாக்கம்புகளை வளையவிட்டார்கள்.

1/20 அளவில் மேல் இறக்கை 67 செ.மீ., நீளம் 32 செ.மீ. வரும். சட்டங்களுக்கு லேசான பல்சா மரம், விலாக்கம்புகளுக்குப் பட்டத்துக்குச் சீவுகிற மூங்கிலை 1 மி.மீ. தடிப்பில் எடுங்கள். பின்விளிம்பில் மரம் வைக்காமல் நூலை இழுத்து ஒட்டுங்கள். இறக்கைமேல் ஒட்டும் டிசு பேப்பர் இறுகும்போது நூல் உள்வாங்கி, அசல் விமானத்தின் அலைவிளிம்பு தானாக வரும். பேப்பரை இறுக்கத் தண்ணீரை அள்ளித் தெளித்தால் அது மூங்கில் நுனிகளை மேலே இழுத்துவிடும். லேசான பனிப்புகார்போல அடித்து, காயும்வரை பலகையில் குண்டூசி குத்தி வையுங்கள்.

பேப்பர்மேல் பூசும் டோப் என்ற மெருகும் தின்னரும் சமபங்கு. மட்டக்களப்பில் மார்கழி மழைக்குள் அதைப் பூசினால் வெள்ளை படரும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் பூசினால் இந்தத் தொல்லை இல்லை.

இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பிக்குப் பதிலாகத் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) கட்டுவோர் உண்டு. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் நைலோன் ஈரத்தை உறிஞ்சித் தளரும். வாவிக் காற்றில் ஒரு பக்கம் தொய்ந்தால், மெத்தென்ற இறக்கை அந்தப் பக்கமே முறுகிவிடும். பொலியெஸ்டர் தையல் நூல் போதும்.

விசிறியைச் சுற்ற நீள றப்பர் பட்டியை முறுக்கிவிடும் றப்பர் மோட்டருக்கு இது தோதான விமானமல்ல. இருக்கைக் கூடு மிகக் குட்டை, அதன் பின்னால் வெறும் நான்கு கம்பங்கள்தான். சின்ன மின் மோட்டர் வையுங்கள். கூடு குட்டை என்பதால் வால் பாரமாகிவிடும்; மூக்கில் வலை ஈயக்குண்டு சேர்த்து, மேல் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் சமன் வரச் செய்யுங்கள்.

விசிறி முன்னால் சுழல்வதால் அசலில் முன்னோக்கிச் சுட வழியில்லை. ஆயுதம் தாங்க இரட்டை இயந்திர ஜி.4 வந்தது. ஆனாலும் 80 குதிரைவலு ஜி.3ஒன்றில் ஏறி பிரெஞ்சு விமானி அட்ரியென் போலான் 1921 ஏப்ரல் 1இல் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையைத் தாண்டினார். மெத்தென்ற இறக்கை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

முதல் சறுக்குப் பறப்பைக் கல்லடிக் கடற்கரையில், கடற்காற்று எழும்புமுன் காலையில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஈயம் சேர்க்காதீர்கள். முதலில் இரு பக்க நூல்களின் இறுக்கத்தை விரலால் ஒப்பிடுங்கள்.