இரண்டடித் தொட்டியில் எத்தனை ராஜ்ஜியம்?

திருப்பரங்குன்றம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் கரையோரமாக நடந்தவர்கள், சேற்றுத் தரையில் சாப்பாட்டுத் தட்டை வைத்து அழுத்தியது போன்ற வட்டப் பள்ளங்கள் நெருங்கி நெருங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அவை ஜிலேபிக் கெண்டையின் ஆண்மீன்கள் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டியவை. ஒரு பள்ளத்துக்கு ஓர் ஆண்தான் சொந்தக்காரன். பக்கத்துப் பள்ளத்துக்காரன் எல்லையைத் தாண்டினால் அடிதடி. பெண்மீன் வந்து முட்டையிட்டு, முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று நம் ஊர்ச் சந்தையில் கூறு கட்டி விற்கும் அளவுக்குப் பெருகிவிட்டதால், இதுவும் கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் பல மீன்களைக் கொண்ட சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. கண்ணாடித் தொட்டி வாங்கிய காலத்தில் அந்தப் பள்ளங்களைப் பற்றிச் சற்று யோசித்திருந்தால் ஐந்து மீன்கள் பிழைத்திருக்கும்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம் கொண்டது. மணலும் கல்லும் போக, சுமார் 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடையில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று எழுதி ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து மஞ்சளில் இரண்டு, நீலத்தில் மூன்று, சாம்பல் உடம்பில் கருங்கோடு போட்டது ஒன்று என்று ஆறு குஞ்சுகளை எடுத்துக்கொண்டேன். "எல்லாத்தையும் ஒண்ணாவே போடலாம்ணே, ஒண்ணும் செய்யாது" என்றார் கடைத் தம்பி. கோடு போட்டது கான்விக்ட் என்பதும், அது ஆப்பிரிக்காவை அறியாத மத்திய அமெரிக்க மீன் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் தொட்டி கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. மூன்றாம் வாரம் கான்விக்ட் ஒரு மூலையில் மணலைத் தோண்டத் தொடங்கியது. மற்ற ஐந்தும் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில், வால் கிழிந்து ஒதுங்கி நின்றன. இரண்டு மாதத்தில் தொட்டியில் எஞ்சியது அந்தக் கோடு போட்டது மட்டுமே.

சிக்லிட்டுகளில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறக்குறைய எல்லாமே முட்டையையும் குஞ்சையும் காக்கும் இயல்புடையவை. காப்பதற்கு இடம் வேண்டும், இடத்துக்காகச் சண்டை வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடம் என்பது தரையைத்தான் குறிக்கும். ஆகவே 'எத்தனை லிட்டர் தொட்டி' என்ற கேள்வி இங்கே பாதிதான் பயன்படும். என் தொட்டியின் உயரத்தை இரண்டடியாக்கி லிட்டரைக் கூட்டினாலும், தரை அதே இரண்டு சதுர அடிதான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் பாறை மீன்களை நெருக்கமாக அடைத்து வளர்த்தால் சண்டை பரவிப்போய் எந்த ஒன்றும் அடிபட்டுச் சாகாது என்று சொல்வது உண்மையே. ஆனால் அந்த உத்தி நான்கடித் தொட்டிக்கும், அதற்கேற்ற வடிகட்டிக்கும் உரியது. இரண்டடியில் அதைச் செய்தால் அடிபடும் மீன் ஓடி ஒளிய மறுகோடி என்று ஒன்று இருக்காது.

ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் என்ற பெரிய சிக்லிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும் ஆஸ்கர் வளர்ந்தால் ஓரடியை எட்டும். ஏஞ்சல் மீனைச் சாது என்று நம்பி வாங்குகிறார்கள். அதுவும் சிக்லிட்தான், வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் நியான் டெட்ரா என்ற குட்டி மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கும்.

இரண்டாவதாக நான் தோற்றது தண்ணீரில். சிறு தொட்டிக்கென்றே படைத்தது போன்ற ராம் என்ற குட்டி சிக்லிட்டில் ஒரு ஜோடி வாங்கினேன். விரல் நீளம், மஞ்சளும் நீலமும் கலந்த உடம்பு, அடக்கமான குணம். வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியில் மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள, வெதுவெதுப்பான நீரில் வாழும் இனம் அது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 850 காட்டுகிறது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிந்துவிடும். மதுரை வெயிலின் வெப்பம் ராமுக்கு ஒத்துக்கொண்டது, உப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து ஊற்றலாம்தான். ஆனால் வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு மாற்றும்போதெல்லாம் அதே அளவில் கலக்கும் பொறுமை எனக்கு இல்லை என்பதை ஒரு மாதத்தில் கண்டுகொண்டேன். வீட்டுக்குழாயில் வருவதற்கு ஏற்ற மீனைத் தேடுவதே எனக்குச் சரிப்படும்.

அப்படித் தேடி வந்ததுதான் கிரிபென்சிஸ். நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன். ஆண் நான்கு அங்குலத்தைத் தாண்டாது, பெண் மூன்று. இயற்கையில் மென்னீருக்குப் பழகியதென்றாலும், பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்ந்துவிட்டதால் கடினமான நீரையும் தாங்கிக்கொள்கிறது. பெண்ணை அடையாளம் காண்பது எளிது: குட்டையாக உருண்டிருக்கும், வயிற்றில் பழுத்த செர்ரி நிறம் இருக்கும். ஒரு ஜோடி மட்டும் வாங்கினேன். குகை வேண்டும் என்பதற்காக, மானாமதுரையில் வாங்கிய மண் கலயம் ஒன்றின் வாயைச் சற்று உடைத்துப் படுக்க வைத்தேன். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டும் வைக்கலாம். முதலில் சில நாள் ஊற வைத்துச் சாயம் போக்கிவிட வேண்டும்.

ஒரு நாள் மாலை பெண்மீன் உடம்பை வில்லாக வளைத்து, சிவந்த வயிற்றை ஆணுக்கு நேராகக் காட்டி உதறியது. பிறகு கலயத்துக்குள் தலைகீழாக நீந்தி, அதன் கூரையில் முட்டைகளை ஒட்டியது. அடுத்த பத்து நாட்களுக்கு உள்காவல் பெண்ணுடையது, வெளிக்காவல் ஆணுடையது. குஞ்சுகள் ஒரு புகைத்திட்டு போல வெளியே வந்தபோது தாய் துடுப்பை ஒருமுறை சிலிர்த்தால் போதும், அத்தனையும் மணலில் விழுந்து அசையாமல் கிடந்தன. டார்ச் வெளிச்சத்தில் எண்ண முயன்று நாற்பதோடு விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில் தரையின் முக்கால் பங்கு அவற்றுக்கே சொந்தம். இன்னொரு ஜோடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீரின் கார அமிலத்தன்மைக்கு ஏற்ப இந்த இனத்தில் ஆண் பெண் விகிதம் மாறும். அமிலம் கூடினால் ஆண்கள் கூடும். என் தொட்டியில் வளர்ந்தவற்றில் பெண்களே மிகுதி.

கூட்டாளிகளாக ஆறு ஜீப்ரா டேனியோக்கள் உள்ளன. வேகமாக நீந்துபவை, மேல்மட்டத்திலேயே இருப்பவை, கடினநீரைப் பொருட்படுத்தாதவை. தரையைத் துழாவும் கோரிடோராஸ் போன்ற மீன்களைச் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு விலகிப் போகத் தெரியாது, குஞ்சு வைத்திருக்கும் கிரிபென்சிஸ் அவற்றின் கண்ணைக் குறிவைக்கும்.

நம் தண்ணீருக்கு இன்னும் பொருத்தமான ஒன்று ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியைச் சேர்ந்த சங்கு மீன் என்ற சிக்லிட். ஆணே இரண்டு அங்குலத்தைத் தொடாத மல்ட்டிஃபேசியாட்டஸ் இனம், காலியான நத்தை ஓட்டுக்குள் குடியிருந்து, கூட்டமாகவே பெருகும். ஒவ்வொன்றின் ராஜ்ஜியமும் ஒரு ஓட்டைச் சுற்றிச் சில அங்குலம்தான் என்பதால், இரண்டு சதுர அடியில் ஒரு கிராமமே அடங்கும். ஏரியின் நீர் காரத்தன்மை மிக்கது; எங்கள் போர் தண்ணீர் அதற்குத் தலைவலி தராது. உள்ளூர் மீனே வேண்டுமென்பவர்களுக்கு, கேரளத்தில் பள்ளத்தி என்று அழைக்கப்படும் ஆரஞ்சு குரோமைடு இருக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட் அது. சற்று உவர்ப்பான நீரிலும் வாழும், குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பின் வழவழப்பைக் கொத்தித் தின்னும். இதையும் ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடி என்றே வைக்க வேண்டும்.

சோழவந்தான் வயல் வரப்பில் பொறுக்கிய இருபத்தைந்து நத்தை ஓடுகளைக் கொதிக்க வைத்துக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மதுரையில் நான் கேட்ட கடைகளில் சங்கு மீன் இல்லை. சென்னை கொளத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காக இன்னொரு இரண்டடித் தொட்டி வாங்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.